குறைந்துவிடக் கூடாதே என்று அரைக்கும் மாவு

கேள்வி: திருச்சி உறையூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டாகப் பதினான்கு கடைகளுக்குப் போடுகிறேன். இரண்டு வருடம் ஆகிறது. அரிசி, உளுந்து, கவர், கரண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட் 32 ரூபாய் அடக்கம். கடைக்கு 42க்குக் கொடுக்கிறேன், அவர்கள் 50க்கு விற்கிறார்கள். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. குறைந்துவிடக் கூடாதே என்று தினமும் 140 போடுகிறேன். ஒரு நாள் 96 போகிறது, ஒரு நாள் 131 போகிறது. திரும்பி வரும் மாவைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். இத்தனைக்கும் மூன்று கடைகளிலிருந்து மட்டும் சாயங்காலமே "மாவு தீர்ந்துபோச்சு" என்று போன் வருகிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எத்தனை பாக்கெட் அரைப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரிட்டர்ன் எடுப்பதை நிறுத்திவிடலாமா? 65,000 ரூபாய்க்குப் பெரிய கூலர் ஒன்று தவணையில் தருகிறார்கள், வாங்கலாமா? கடைசிப் பத்து நாள் விற்பனையை இத்துடன் எழுதியிருக்கிறேன்.
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் அந்த மாட்டைக் காப்பாற்றுவோம். புளித்த மாவை வாளி வாளியாக வைக்காதீர்கள். மாவுச்சத்து அளவு மீறி உள்ளே போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாசையாகப் பொங்கலை அள்ளிக் கொடுத்துவிட்டு, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மாட்டுக்குப் போவது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். நீங்கள் அனுப்பிய பத்து நாள் விற்பனையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன்: 96, 99, 104, 107, 110, 112, 118, 123, 128, 131. மொத்தம் 1,128 பாக்கெட். ஒன்றுக்குப் பத்து ரூபாய் லாபம் என்றால் 11,280. ஆனால் அரைத்தது 1,400. திரும்பியது 272. ஒவ்வொன்றும் 32 ரூபாய் நஷ்டம் என்றால் 8,704. பத்து நாள் விடியற்காலை எழுந்ததற்கு மிஞ்சியது 2,576 ரூபாய்தான். விற்பனை குறைவு என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். விற்பனை நன்றாகத்தான் இருக்கிறது. லாபம்தான் வாளியில் போகிறது.

நாளைக்கு எத்தனை போகும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். எனக்கும் தெரியாது அம்மா, யாருக்கும் தெரியாது. இருபது வருடமாகப் பேக்கரி, பால் பூத், காய்கறிக் கடை என்று கெட்டுப்போகும் சரக்கோடுதான் என் பிழைப்பு. நாளை விற்பனையைச் சரியாகச் சொன்ன ஒருவரை இன்னும் சந்திக்கவில்லை. அதனால் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போடுங்கள்: ஒரு பாக்கெட் குறைந்தால் எனக்கு எவ்வளவு நஷ்டம், ஒரு பாக்கெட் மிஞ்சினால் எவ்வளவு நஷ்டம்? இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. குறைந்தால் பத்து, மிஞ்சினால் முப்பத்திரண்டு. மிஞ்சுவது மூன்று மடங்குக்கு மேல் வலிக்கும் தொழிலில் இருந்துகொண்டு, குறைந்துவிடுமோ என்று பயந்து அரைக்கிறீர்கள்.

இப்போது ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, இதை அரைக்கலாமா என்று கேளுங்கள். 104ஆவது பாக்கெட்டைப் பாருங்கள். உங்கள் பத்து நாளில் எட்டு நாள் அது விற்றிருக்கும், 80 ரூபாய் வரவு. இரண்டு நாள் திரும்பியிருக்கும், 64 ரூபாய் செலவு. அரைக்கலாம். அடுத்தது 105ஆவது. ஏழு நாள் விற்றிருக்கும், 70 ரூபாய். மூன்று நாள் திரும்பியிருக்கும், 96 ரூபாய். அரைக்கக் கூடாது. நீங்கள் விடாமல் அரைக்கும் 132ஆவதிலிருந்து 140ஆவது வரையிலான ஒன்பது பாக்கெட்டும் பத்து நாளில் ஒரு நாள்கூட விற்கவில்லை. அவை பிறந்ததே மாட்டுக்காக.

தினமும் 104 மட்டும் அரைத்திருந்தால் பத்து நாளில் 1,027 விற்று 13 திரும்பியிருக்கும். கையில் 9,854 ரூபாய். சராசரி பார்த்து 113 அரைத்திருந்தாலும் 9,200தான். நான் சொல்ல வருவது அந்த இரண்டாவது எண்ணைத்தான். தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சராசரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். குறைந்தாலும் மிஞ்சினாலும் நஷ்டம் ஒன்றாக இருந்தால் சராசரியைப் பிடிப்பதில் பெரிய தவறில்லை. உங்களுக்கு அப்படி இல்லை. லாபம் மெலிந்த, சீக்கிரம் கெடும் சரக்கில் அளவு சராசரிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். பூக்கடைக்காரருக்கு முகூர்த்த நாளில் நேர்மாறு: ஒரு முழத்தில் கிடைக்கும் லாபம் அதிகம் என்றால் மிஞ்சினாலும் பரவாயில்லை என்று அவர் கூடுதலாக வாங்கலாம், வாங்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1888இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளாதார அறிஞர், வங்கிப் பெட்டியில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று யோசித்தபோது இதே மாதிரி கணக்கைப் போட்டார். பணம் எடுக்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, பெட்டியில் சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. பிற்காலத்தில் இதற்குப் பேப்பர் விற்கும் பையன் கணக்கு என்று பெயர் வந்தது. காலையில் எத்தனை பேப்பர் எடுப்பது, சாயங்காலம் அது பழைய பேப்பர். உங்கள் மாவாவது ஒன்றிரண்டு நாள் தாங்கும்.

சரி, 104 அரைத்தால் பத்தில் ஏழு நாள் "இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயம்தான். மாவு இல்லாமல் திரும்பிய பெண்மணி வேறு பாக்கெட்டை வாங்கிப் போய், அது பிடித்துப்போய் அங்கேயே நின்றுவிட்டால் நஷ்டம் பத்து ரூபாயோடு போகாது. அதையும் கணக்கில் சேருங்கள். குறைந்தால் பத்தோடு இன்னொரு எட்டு ரூபாய் போகிறது என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன்: 107இல் வந்து நிற்கிறது. மூன்று பாக்கெட்தான் கூடியது. 140 வரை இழுத்துக்கொண்டு போக எந்த நியாயமும் இல்லை.

மேலே ஏறுவதற்கு நல்ல வழி வேறு. மிஞ்சினால் வரும் நஷ்டத்தைக் குறையுங்கள். சாயங்காலம் பணியாரம், ஊத்தப்பம் போடும் தள்ளுவண்டிக்காரர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவருக்குச் சற்றுப் புளித்த மாவுதான் வேண்டும். கிலோ 18 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சிய பாக்கெட்டுக்கு நஷ்டம் 32இலிருந்து 14 ஆகிறது. பழைய கணக்கையே மறுபடி போடுங்கள்: 110 வரை அரைக்கலாம். உங்கள் வீட்டு வாசலிலேயே 50 ரூபாய்க்கு நேராக விற்கும் பாக்கெட்டாக இருந்தால் லாபம் 18, அப்போது 112 வரை போகலாம். ஆனால் ஒன்று. கடைக்குப் போய்த் திரும்பிய பாக்கெட்டை வண்டிக்காரருக்குக் கொடுக்காதீர்கள். ராத்திரி கடை சாத்தும்போது கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் கடைக்காரர்கள் எத்தனையோ பேர். அந்த மாவு என்னென்ன பார்த்ததோ உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டை விட்டு வெளியே போகாத, தேதி தாண்டாத மாவை மட்டும் கொடுங்கள்.

அப்படியென்றால் வீட்டில் மாவு மிஞ்ச வேண்டும், கடையில் மிஞ்சக் கூடாது. உங்கள் மூன்று கடை விவகாரத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

பதினோரு கடையில் மாவு திரும்புகிறது, மூன்று கடையில் தீர்ந்துபோகிறது. மாவு இருக்கிறது, தவறான கடையில் இருக்கிறது. காலையிலேயே 140ஐயும் பதினான்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் எந்தக் கடையில் இன்று ஆள் வரும் என்று பதினான்கு தடவை ஊகிக்கிறீர்கள். ஊகம் பதினான்கிலும் தவறும், ஆனால் ஒரே பக்கமாகத் தவறாது. ஒரு கடையில் மூன்று கூடினால் இன்னொன்றில் இரண்டு குறையும். மொத்தமாகப் பார்த்தால் ஏற்ற இறக்கம் கழிந்துபோகும், தனித்தனியாகப் பார்த்தால் பதினான்கு தலைவலி. அதனால் முழுவதையும் பிரிக்காதீர்கள். காலையில் 75, 80 போட்டுவிட்டு மீதியை வீட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்றரை மணிக்குக் கடைகளுக்கு ஒரு வாட்ஸ்அப்: "எத்தனை இருக்கு அண்ணாச்சி?" நாலரைக்கு உங்கள் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு, கேட்ட கடைகளுக்கு மட்டும் போய்வரட்டும். எண்பது ரூபாய் பெட்ரோல் ஆகும் என்று முனகுவார். மூன்று பாக்கெட் திரும்பாமல் இருந்தால் அந்தப் பெட்ரோல் கட்டிவிடும்.

ஒரு விஷயம் நான் புரிந்துகொள்ளவே இல்லை. மாவு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் எப்போது வருகிறார்கள்? வேலை முடிந்து வீடு திரும்பும் ஐந்து மணியிலிருந்து எட்டரைக்குள். ராத்திரி தோசைக்கு, மறுநாள் காலை இட்லிக்கு. அப்படியிருக்க, காலை ஏழு மணிக்கே மொத்தச் சரக்கையும் கடை வாசலில் இறக்குவது யார் ஆரம்பித்த வழக்கம்? பால் வண்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போலிருக்கிறது. பால் காலையில் வேண்டும். மாவுக்கு அந்த அவசரம் கிடையாது.

சாயங்காலம் போன மாவுக்கு இன்னொரு நன்மை. பாக்கெட் உப்பாது. மாவில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் வாயுதான் இட்லியைப் பஞ்சு போல ஆக்குகிறது, அதே வாயுதான் சீல் வைத்த கவரைப் பலூன் ஆக்குகிறது. மே மாத வெயிலில் ஆறு மணி நேரத்தில் நடப்பது மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பிய பாக்கெட்டை யாரும் தொடமாட்டார்கள். அதோடு, இன்றைய பாக்கெட் பக்கத்தில் இருந்தால் நேற்றைய பாக்கெட்டையும் தொடமாட்டார்கள். கையை விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் எடுப்பார்கள், நானும் அப்படித்தான் எடுப்பேன். பழையது இரண்டு இருக்கும் கடையில் புதியது பத்தை அடுக்கினால், பழையது இரண்டையும் நீங்களே கொன்றதாகத்தான் அர்த்தம்.

அப்புறம் நோட்டு. உங்கள் நோட்டில் தேதியும் விற்பனையும் மட்டும் இருக்கிறது. இன்னும் இரண்டு பத்தி வேண்டும்: அன்று என்ன நாள், எந்தக் கடையில் எத்தனை மணிக்குத் தீர்ந்தது. இரண்டாவது ரொம்ப முக்கியம். "10 போட்டோம், 10 விற்றது" என்றால் அந்தக் கடையில் பத்துதான் போகும் என்று அர்த்தம் இல்லை. ஆறு மணிக்குத் தீர்ந்திருந்தால் பதினைந்துகூடப் போயிருக்கலாம். இல்லாத மாவைக் கேட்டு வந்தவர்கள் யார் நோட்டிலும் ஏறுவதில்லை. நான் முதன்முதலில் வேலை பார்த்த பேக்கரியில் இதே தவறைச் செய்தேன். தேங்காய் பன் தினமும் நாற்பது விற்கிறது, கச்சிதம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கே அது தீர்ந்துவிடுவதைக் கல்லாவில் இருந்த பெண் போகிற போக்கில் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் எட்டு மாதம் போய்விட்டது.

என்ன நாள் என்பதற்கு வருவோம். எல்லா நாளையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்காதீர்கள். சாதாரண நாள் ஒரு பக்கம், சனி ஞாயிறு ஒரு பக்கம், விசேஷ நாள் ஒரு பக்கம் என்று மூன்று பக்கமாக எழுதுங்கள். அமாவாசை, ஏகாதசி, கிருத்திகை என்று ராத்திரி சோறு சாப்பிடாமல் பலகாரம் சாப்பிடும் வீடுகள் உங்கள் பக்கம் நிறைய. அந்த நாட்களை நீங்கள் ஊகிக்கவே வேண்டாம், தினசரிக் காலண்டரில் அச்சடித்தே இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் எகிறும், மறுநாள் எல்லார் வீட்டிலும் பலகாரமும் மிச்சமும் கிடப்பதால் படுத்துவிடும். முழு ஆண்டுப் பரீட்சை விடுமுறையில் பாதித் தெரு ஊருக்குப் போய்விடும். கரண்ட் கட் அறிவித்த நாளில் வீட்டு கிரைண்டர் ஓடாது, உங்கள் மாவு ஓடும், ஆனால் கடை ஃப்ரிட்ஜும் ஓடாது என்பதால் அன்று சாயங்காலம் மட்டும் போடுங்கள். மழையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஓட்டலுக்குப் போகாமல் வீட்டில் தோசை சுடுகிறார்களா, மாவு வாங்கவே வெளியே வராமல் உப்புமா கிண்டுகிறார்களா என்பது தெருவுக்குத் தெரு மாறுகிறது. உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு நாள் சேர்ந்ததும் நான் செய்தது போல அடுக்கி, பாக்கெட் பாக்கெட்டாகக் கேள்வி கேளுங்கள். உளுந்து விலை ஏறினால் அடக்கம் ஏறும், லாபம் குறையும், நஷ்டம் கூடும். அப்போது அளவு இன்னும் கீழே இறங்கும். விலை ஏறினால் அதிகமாக விற்றுச் சரிக்கட்டலாம் என்று நினைப்பதுதான் வழக்கம், அது இங்கே உதவாது.

இனி ரிட்டர்ன். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கடைக்காரர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பாக்கெட் விற்றால் அவருக்கு எட்டு ரூபாய். திரும்ப எடுக்கமாட்டீர்கள் என்றால், ஒன்று தங்கினால் நாற்பத்திரண்டு போச்சு. ஐந்து பாக்கெட் விற்ற லாபத்தை ஒரு பாக்கெட் விழுங்கிவிடும். அவர் பத்து எடுக்கிற இடத்தில் ஐந்துதான் எடுப்பார், உங்கள் மொத்த விற்பனையும் சுருங்கும். இப்போது இருக்கும் பேச்சு அதற்கு எதிர்க்கோடி. அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, அதனால் எத்தனை கொடுத்தாலும் "வச்சிட்டுப் போங்க" என்கிறார். வைத்துவிட்டு வருகிறீர்கள்.

நடுவில் ஒரு இடம் இருக்கிறது. 42க்குப் பதில் 40க்குக் கொடுங்கள், திரும்பினால் 22 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். விற்றால் அவருக்குப் பத்து ரூபாய், முன்னைவிட இரண்டு கூடுதல். தங்கினால் 18 நஷ்டம், இரண்டு பாக்கெட் விற்றால் ஈடாகிவிடும். உங்களுக்கு விற்றால் எட்டு, திரும்பினால் முப்பத்திரண்டுக்குப் பதில் பதினான்குதான் நஷ்டம். இந்த எண்களை நான் சும்மா சொல்லவில்லை. நீங்களும் அண்ணாச்சியும் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாக்கெட்டில் குடும்பத்துக்கு லாபம் 18, தங்கினால் நஷ்டம் 32. புதிய பேச்சில் அவருக்கு 10, 18. இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதம். ஆகவே அவர் தன் லாபத்தை மட்டும் பார்த்து எத்தனை கேட்கிறாரோ, அது இருவருக்கும் சேர்த்து நல்ல அளவாகவே இருக்கும்.

பதினான்கு கடையும் ஒப்புக்கொள்ளாது. போட்டி மாவுக்காரர் முழு ரிட்டர்ன் எடுப்பார், அதைச் சொல்லிக் காட்டுவார்கள். தீர்ந்துபோச்சு என்று போன் செய்யும் அந்த மூன்று கடைகளில் முதலில் பேசுங்கள். அங்கே மாவு தங்குவதே இல்லை என்பதால் இரண்டு ரூபாய் கூடுதல் லாபம் மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளாத கடைகளுக்கு ரிட்டர்ன் தொடரட்டும், ஆனால் எத்தனை வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நஷ்டம் உங்களுடையது என்றால் எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நாலு மாதமாகப் பாதிக்குமேல் திருப்பித் தரும் கடை ஏதாவது இருந்தால் அதை விட்டுவிடுங்கள், பதிமூன்று கடை ஒன்றும் கேவலம் இல்லை.

கூலர் இப்போது வேண்டாம். கூலர் மாவின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும், மிஞ்சிய மாவைக் கண்ணில் படாமல் அடுக்கிவைக்க இடமும் தரும். அந்த இடம் இருந்தால் நீங்கள் 160 அரைப்பீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்குக் குளிர் தேவைப்படுவது வேறு ஒரு காரியத்துக்கு. அரைத்ததும் உப்புப் போட்டுக் கரைத்து மொத்தத்தையும் புளிக்க விடாமல், பத்துப் பதினைந்து கிலோவை மட்டும் புளிக்கும் முன்பே மூடிய பாத்திரத்தில் குளிரில் வைத்துவிடுங்கள். மதியம்வரை போக்கைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் வெளியே எடுத்து மறுநாளுக்குப் புளிக்க விடலாம், வேண்டாம் என்றால் அன்று ஊறப்போடும் அரிசியை அந்த அளவுக்குக் குறைக்கலாம். நனைத்த அரிசியைத் திரும்பக் காயவைக்க முடியாது, புளிக்காத மாவை ஒரு நாள் காக்கவைக்க முடியும். இதற்கும், சாயங்கால நடைக்கு ஒதுக்கும் பாக்கெட்டுக்கும், பழைய இரட்டைக் கதவு வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்று கூடுதலாக இருந்தால் போதும், ஏழெட்டாயிரத்துக்குக் கிடைக்கும். வாங்கும்போது கதவு ரப்பரில் ஒரு பேப்பரைச் சொருகி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்துவிட்டால் அந்த ஃப்ரிட்ஜ் வேண்டாம்.